குன்மம், அசீரணம், கேஸ்ட்ரிக்: எல்லை வட்டாரத்தில் ஒரு நோய்ச்சொல்லின் எழுத்தும் பொருளும்

செரிமானக் கோளாறுகளுக்குத் தமிழ் மருத்துவம் வழங்கும் பெயர்களுள் அடிக்கடி பிழைபட எழுதப்படுவதும், எழுதுவோரும் படிப்போரும் வெவ்வேறு பொருள் கொள்வதுமான சொல் குன்மம் ஆகும். சித்த மருத்துவ நூல்களில் றன்னகரம் இட்டுக் 'குன்மம்' என்று நிற்கும் இச்சொல், விளம்பரங்களிலும் துண்டறிக்கைகளிலும் டண்ணகரம் ஏறிக் 'குண்மம்' ஆகிவிடுகிறது. ஆயுர்வேத நூல்களைத் தழுவி எழுதுவோர் கையில் அது 'குல்மம்' என்று லகரத்தோடு வருகிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கின்ற ஓசூர், தளி, பாகலூர், பேரிகை, சூளகிரி வட்டாரத்திலோ மூவகை எழுத்துக்கும் அப்பால் வேறொரு சொல் ஆட்சி செய்கிறது. வயிற்றில் எது நேர்ந்தாலும் அது அங்கே 'கேஸ்ட்ரிக்' ஆகும். இச்சொற்களின் வரலாற்றையும், அவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால் நோயாளிக்கு நேரும் தீங்கையும் எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

குன்மம் என்பது 'குல்ம' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். அவ்வடசொல்லுக்குப் புதர், செடிகொடிகள் ஒன்றாய் அடர்ந்த திரள் என்பன முதற்பொருள்களாகும். படையின் ஒரு சிறு பிரிவுக்கும் அப்பெயர் உண்டு. திரண்டு நிற்பது என்னும் கருத்திலிருந்தே, வயிற்றுக்குள் கைக்குத் தட்டுப்படும் கட்டி போன்ற திரட்சியை ஆயுர்வேத ஆசிரியர்கள் குல்மம் என்றனர். சொல் தமிழுக்கு வந்தபோது லகரம் றன்னகரமாக மாறியது தற்செயலாக நிகழ்ந்த திரிபு அன்று. லகர மெய்யின் பின் மகரம் வந்தால் அந்த லகரம் றன்னகரமாகத் திரியும் என்பது நன்னூல் கூறும் புணர்ச்சி விதி. 'நல்' என்பதோடு 'மை' சேர்ந்து நன்மை ஆவதும், 'கல்' என்பதோடு 'மலை' சேர்ந்து கன்மலை ஆவதும் இவ்வாறே. புணர்ச்சிக்கு உரிய அவ்விதியைத் தமிழர் நாக்கு ஒரு வேற்றுச்சொல்லின் நடுவிலும் இயல்பாகச் செலுத்தியதால் குல்மம் குன்மம் ஆயிற்று. டண்ணகரம் வரவேண்டுமானால் மூலத்தில் ளகரம் இருந்திருக்க வேண்டும். 'உள்' என்பதிலிருந்து உண்மையும் 'வெள்' என்பதிலிருந்து வெண்மையும் பிறப்பது அவ்வகை. 'குள்மம்' என்றொரு மூலச்சொல் எம்மொழியிலும் இல்லாமையால் 'குண்மம்' என்னும் எழுத்துக்கு நிலைக்களன் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும் இச்சொல்லை அவ்வடசொல் வழிப்பட்டதாகவே கொள்கிறது.

சித்த மருத்துவ மாணவர்க்கு வேறொரு விளக்கமும் சொல்லித்தரப்படுகிறது. உடலையும் உள்ளத்தையும் குன்றச் செய்வதால் குன்மம் என்பது அது. 'குன்று' என்னும் வினையிலிருந்து இத்தகைய பெயர் பிறப்பதற்குத் தமிழில் விகுதி காட்ட இயலாது; ஆகவே சொல்லாராய்ச்சி என்ற அளவில் அதனை ஏற்பதற்கில்லை. ஆயினும் நோயைப் பற்றிய கூர்மையான கவனிப்பு அதில் அடங்கியிருப்பதை மறுக்கலாகாது. நாட்பட்ட செரியாமை உள்ளவர் உண்ண அஞ்சுவதும், அதனால் மெலிவதும், மெலிவதனால் மேலும் கவலை கொள்வதும் எக்காலத்து மருத்துவரும் கண்டவை. செரிமான உறுப்புகளில் புண்ணோ கட்டியோ காணப்படாமலே நீடிக்கும் தொல்லைகளை வகைப்படுத்தும் ரோம் அளவுகோல்களின் நான்காம் பதிப்பு 2016இல் வெளிவந்தபோது, அவற்றுக்குக் 'குடலுக்கும் மூளைக்கும் இடையிலான ஊடாட்டக் கோளாறுகள்' என்று புதுப்பெயர் சூட்டியது. உடலும் உள்ளமும் சேர்ந்து குன்றுகின்றன என்று பழைய மருத்துவர் கண்டதற்கும் இதற்கும் உள்ள நெருக்கம் கருதத்தக்கது.

பொருள் மாற்றம் எழுத்து மாற்றத்தைவிடப் பெரியது. சரக சங்கிதை குல்மத்தை ஐந்தாகப் பிரிக்கிறது: வாதம், பித்தம், கபம், இம்மூன்றும் சேர்ந்தது, பெண்களுக்கு மட்டும் வரும் இரத்த குல்மம். இவ்வைந்துக்கும் பொதுவாக நிற்பது திரட்சி என்னும் கருத்தே. சித்த மருத்துவமோ யூகி முனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணியைத் தழுவிக் குன்மத்தை எட்டாகக் கொள்கிறது. வாதம், பித்தம், ஐயம் என்னும் மூன்றோடு வாயுகுன்மம், எரிகுன்மம், சன்னிகுன்மம், சத்திகுன்மம், வலிகுன்மம் என ஐந்து சேர்கின்றன. இப்பெயர்களில் எரி, சத்தி, வலி என்பன நோயாளி தாமே உணர்ந்து சொல்லும் குறிகள். சத்தி என்பது இங்கே வாந்தியைக் குறிக்கும். வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவர் கைக்குத் தட்டுப்படுவதைக் குறித்த ஒரு சொல், தமிழ் மண்ணில் நோயாளி வாய்மொழியாக உரைக்கும் எரிச்சல், வாந்தி, வலி ஆகியவற்றின் தொகுப்பைக் குறிக்கும் சொல்லாக மாறிவிட்டது. இன்று சித்த மருத்துவர் ஒருவர் குன்மம் என்று எழுதினால் நாட்பட்ட செரியாமை, இரைப்பை அழற்சி, இரைப்பைப்புண் ஆகியவற்றை ஒட்டிய ஒரு நிலையையே கருதுகிறார்.

இவ்வேறுபாடு எல்லையோர ஊர்களில் வெறும் நூலறிவாக நின்றுவிடுவதில்லை. ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவுதான். அத்திப்பள்ளி வந்துவிட்டால் கர்நாடகம். கர்நாடகத்தின் ஆயுர்வேதக் கல்லூரியில் பயின்றவர் குல்மம் என்று படிக்கும் சீட்டும், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் குன்மம் என்று எழுதும் சீட்டும் ஒரே நோயாளியின் பைக்குள் இருக்கக்கூடும். ஒருவர் கட்டியைத் தேடுவார்; மற்றவர் எரிச்சலைத் தணிக்க முயல்வார். இந்திய மருத்துவ முறைகளின் நோய்ப்பெயர்களுக்குத் தனித்தனிக் குறியெண் வழங்கும் 'நமஸ்தே' இணையத் தொகுப்பை மத்திய ஆயுஷ் அமைச்சகம் 2017இல் ஏற்படுத்தியதும், ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகிய மூன்றன் நோய்ப்பெயர்களை உலகச் சுகாதார அமைப்பின் அனைத்துலக நோய் வகைப்பாட்டில் இணைக்கும் பகுதி 2024 ஜனவரியில் புதுதில்லியில் வெளியிடப்பட்டதும் இத்தகைய குழப்பத்தைக் களைவதற்கே. குறியெண் கணிப்பொறிக்கு ஏறும் காலத்தில் ஓரெழுத்துப் பிழையும் பதிவேட்டைத் தேடுபவர்க்குத் தடையாகும் என்பதால், எழுத்தைத் திருத்திக்கொள்வது இலக்கணப் பற்றுடையோரின் வேலை என்று ஒதுக்கத்தக்கது அன்று.

அசீரணம் என்னும் சொல்லில் இவ்வளவு சிக்கல் இல்லை. செரித்தது, தேய்ந்து பழையதானது என்று பொருள்படும் 'ஜீர்ண' என்பதன் எதிர்மறை அது. பழங்கோயிலைப் புதுப்பிப்பதைச் சீர்ணோத்தாரணம் என்பதும் அம்மூலத்திலிருந்தே. கிரந்த எழுத்தை ஏற்போர் அஜீரணம் என்றும் ஏலாதார் அசீரணம் என்றும் எழுதலாம். இரண்டும் வழக்கிற்கு உரியவை. கன்னடமும் தெலுங்கும் மூலத்தின் மெய்ம்மயக்கத்தை அப்படியே காத்து 'அஜீர்ண' என்று எழுத, தமிழ் ரகரத்துக்கும் ணகரத்துக்கும் நடுவே ஓர் அகரத்தைச் செருகிக்கொண்டது. திருவள்ளுவர் 95ஆம் அதிகாரமாகிய மருந்தில் உணவு செரிப்பதைக் குறிக்க 'அறுதல்' என்னும் வினையை ஆள்கிறார் என்பது இங்கே நினைக்கத்தக்கது. செரியாமை என்னும் தெளிவான சொல்லும் தமிழில் இருக்கவே செய்கிறது. நவீன மருத்துவத்தின் 'டிஸ்பெப்சியா' கிரேக்கச் சொல்லாகும். சமைத்தல், செரித்தல் என்னும் இரு பொருளும் உடைய 'பெப்சிஸ்' என்பதன் முன் குறைபாட்டைக் காட்டும் முன்னொட்டுச் சேர்ந்து அது பிறந்தது. பாகம், பக்குவம் என்னும் வடசொற்களும் அந்தக் கிரேக்கச் சொல்லும் ஒரே வேரின் கிளைகள் என்பது மொழியியலார் முடிவு.

இனி, இவ்வட்டாரத்தின் பெருவழக்காகிய கேஸ்ட்ரிக் என்னும் சொல்லுக்கு வரலாம். பெங்களூரின் பேச்சுக் கன்னடத்தில் அது பெயர்ச்சொல்லாகவே ஆகிவிட்டது. 'கேஸ்ட்ரிக் ஆகிதெ' என்றால் வயிறு கெட்டிருக்கிறது என்று பொருள். அவ்வழக்கு ஓசூர்த் தமிழிலும் தெலுங்கிலும் எளிதாகப் புகுந்தது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்து ஓசூர்த் தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வந்திருப்போர் இந்தியில் 'கேஸ்' என்றே சொல்லிப் பழகியவர்கள். இந்நான்கு மொழியினரும் மருந்துக் கடையில் ஒரே சொல்லைச் சொல்ல, ஒரே மாத்திரையை வாங்கிச் செல்கின்றனர். தமிழ் எழுத்தில் 'கேஸ்' என்றும் 'கேஸ்ட்ரிக்' என்றும் அடுத்தடுத்து எழுதிப் பார்ப்பவர்க்குப் பின்னது முன்னதன் நீட்சி போலவே தோன்றும். வாயு சேர்வதால் வருவது கேஸ்ட்ரிக் என்ற எண்ணம் பரவியதற்கு இவ்வொலி ஒற்றுமையே முதற்காரணம் என்று துணிந்து கூறலாம்.

உண்மையில் இவ்விரு சொற்களுக்கும் உறவில்லை. கேஸ்ட்ரிக் என்பது வயிறு என்று பொருள்படும் 'காஸ்டர்' என்னும் கிரேக்கப் பெயரிலிருந்து வந்த அடைமொழி. 'இரைப்பையைச் சார்ந்த' என்பதற்கு மேல் அதில் பொருள் எதுவும் இல்லை. இரைப்பைச் சாறு, இரைப்பைப்புண், இரைப்பைப் புற்று ஆகிய மூன்றன் முன்னும் அவ்வடைமொழி நிற்கும். அதாவது, நலமான உறுப்பின் இயல்பான சுரப்பும் உயிரைப் பறிக்கும் நோயும் அவ்வொரு சொல்லுக்குள் அடங்கும். கேஸ் என்பதோ பதினேழாம் நூற்றாண்டில் ஃபிளாண்டர்ஸ் நாட்டு மருத்துவரும் வேதியியலாருமான யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட் படைத்த சொல். உருவற்ற பாழ்வெளி என்று பொருள்படும் 'கேயாஸ்' என்னும் கிரேக்கச் சொல்லை மனத்திற்கொண்டு, நொதித்தலிலும் எரிதலிலும் எழும் ஆவிப்பொருளுக்கு அவர் அப்பெயரை இட்டார். 1644இல் அவர் இறந்தபின் 1648இல் வெளிவந்த அவருடைய நூல்தொகுதி அச்சொல்லைப் பரப்பியது. அவரே இரைப்பையில் உணவு செரிப்பதற்குப் புளிப்புப் பொருளின் துணை வேண்டும் என்றும் கருதினார். ஆயினும் தாம் படைத்த சொல் உலகின் இம்மூலையில் வயிற்று நோய் அனைத்துக்கும் பெயராகும் என்று அவர் எண்ணியிருக்க இயலாது.

உள்ளூர்ச் சொற்கள் இந்த இரவல் சொற்களைவிடத் துல்லியமானவை. நெஞ்செரிச்சல் என்று தமிழர் சொல்வதைக் கன்னடர் 'எதெ உரி' என்பர். இரண்டும் இடத்தையும் உணர்வையும் ஒருங்கே காட்டுகின்றன. வயிற்றெரிச்சல் என்னும் தமிழ்ச்சொல்லும், கன்னடத்தின் 'ஹொட்டெ உரி' என்பதும், தெலுங்கின் 'கடுபு மண்ட' என்பதும் வயிற்றில் உணரும் எரிவையும், பிறர் வாழ்வைக் கண்டு பொறாமல் வேகும் மனநிலையையும் ஒருசேரக் குறிக்கின்றன. மூன்று திராவிட மொழிகளும் இவ்வாறு ஒத்துப்போவது வியப்புக்குரியது. வயிறு எரிகிறது என்று வெளிப்படச் சொல்வதில் உள்ள கூச்சத்துக்கு இந்த இரட்டைப் பொருளும் ஒரு காரணமாகலாம். ஆங்கிலப் பெயர் அக்கூச்சத்திலிருந்து விடுவிக்கிறது என்பதை மறந்துவிட்டு மக்களைக் குறைகூறுவது நேர்மையாகாது. உப்புசம், ஏப்பம், புளியேப்பம், பொருமல், குமட்டல், கடுப்பு என்று நீளும் பட்டியலில் ஒவ்வொன்றும் தனிக்குறி. புளியேப்பம் என்ற ஒரு சொல் மருத்துவர்க்குத் தரும் செய்தியைக் கேஸ்ட்ரிக் என்னும் சொல் ஒருபோதும் தருவதில்லை.

'அல்சர்' என்னும் சொல்லுக்கும் இதே நிலைதான். வேளைக்கு உண்ணாமல் வயிறு வலித்தால் 'அல்சர் வந்துவிட்டது' என்று தமிழகமெங்கும் சொல்கின்றனர். அல்சர் என்பது புண்; இரைப்பையின் அல்லது முன்சிறுகுடலின் உட்சுவர் அரிபட்டு உண்டாகும் குழி அது. உள்நோக்கிக் குழாய் செலுத்திப் பார்த்தாலன்றி அது இருப்பதாக உறுதிகூற இயலாது. மனக்கவலையும் காரமும் அமிலமுமே அதற்குக் காரணங்கள் என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982இல் இரைப்பையில் வாழும் ஒரு சுருள்வடிவ நுண்ணுயிரை வளர்த்துக் காட்டினர். 1984இல் மார்ஷல் அந்நுண்ணுயிர் கலந்த நீர்மத்தைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார். 2005இல் அவ்விருவர்க்கும் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்நுண்ணுயிரின் பெயருக்கும் ஓர் எழுத்துத் திருத்த வரலாறு உண்டு. முதலில் 'கேம்பிலோபாக்டர் பைலோரிடிஸ்' என்று வைத்த பெயரில் இலத்தீன் இலக்கணப் பிழை இருப்பது கண்டு 1987இல் 'பைலோரி' என்று திருத்தினர். அது வேறு பேரினம் என்று தெளிந்தபின் 1989இல் 'ஹெலிகோபாக்டர் பைலோரி' என்று ஆக்கினர். உயிர்காக்கும் கண்டுபிடிப்பின் நடுவிலும் ஒரு வேற்றுமை உருபின் பிழையைத் திருத்தக் காலம் ஒதுக்கிய அறிஞர்களின் ஒழுங்கு, தமிழில் மருத்துவம் எழுதுவோர்க்கும் வேண்டுவது.

தமிழக அரசின் தொழில்வளர்ச்சி நிறுவனமாகிய சிப்காட் 1971இல் தொடங்கப்பெற்றபின், ஓசூரில் வாகன ஆலைகளும் கைக்கடிகார ஆலையும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளும் பெருகின. களியும் கன்னடத்தில் முத்தெயும் தெலுங்கில் சங்கடியுமாகிய ராகி உணவை வேளை தவறாமல் உண்டு வயலில் உழைத்த வட்டாரம், காலை ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று வாரந்தோறும் மாறும் கால அட்டவணைக்குள் வந்தது. இரவு முழுதும் விழித்திருப்பதும், விழிப்புக்காகத் தேநீர் மேல் தேநீர் குடிப்பதும், விடியலில் உண்டு உடனே படுப்பதும் செரிமானத்தைக் கெடுக்கும் என்பது மருத்துவம் நன்கு அறிந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் உணவகமும், 500 பேருக்கு மேல் இருந்தால் மருத்துவ உதவி அறையும் வேண்டும் என்று விதித்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவேளையின்றி வேலை வாங்கக் கூடாது என்றும் கூறியது. சிறு பட்டறைகளின் தொழிலாளர்க்கு முதல் மருத்துவர் பெரும்பாலும் தெருமுனை மருந்துக் கடைக்காரரே.

அக்கடையில் கேஸ்ட்ரிக் என்று சொல்லி அமிலக் குறைப்பு மாத்திரை வாங்குபவர், முதுகுவலிக்கென்று டைக்ளோஃபினாக் போன்ற வலிமாத்திரையையும் அதே கையோடு வாங்குவது உண்டு. இரைப்பைப்புண்ணுக்கு ஹெலிகோபாக்டர் பைலோரிக்கு அடுத்த பெருங்காரணம் இவ்வகை வலிமாத்திரைகளே என்பதை அவருக்குச் சொல்வோர் அரியர். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்திருப்பதும், அதன்பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பெற்று 2013இல் தொடங்கிவைக்கப்பட்டதும் பலரும் அறிந்தவை. பல்லையும் எலும்பையும் கெடுப்பதற்கு அப்பால் அந்நீர் வயிற்றுவலி, குமட்டல், செரியாமை ஆகியவற்றையும் உண்டாக்கக்கூடும் என்பது அவ்வளவாக அறியப்படவில்லை. கேஸ்ட்ரிக் என்ற பெயரின் கீழ் இவையெல்லாம் ஒன்றாகிக் காரணம் மறைந்துபோகிறது.

இவ்வாறு மறைபவற்றுள் மிகுந்த அச்சம் தருவது மாரடைப்பு. இதயத்தின் கீழ்ச்சுவரில் இரத்தம் தடைப்படும்போது வலி பல வேளைகளில் மேல்வயிற்றில் உணரப்படும். குமட்டலும் ஏப்பமும் வியர்வையும் உடன்வரும். நீரிழிவு உள்ளோர்க்கும் பெண்களுக்கும் முதியோர்க்கும் நெஞ்சுவலியே இன்றி இவ்வாறு நேர்வது உண்டு. 'கேஸ்தான், சோடா குடித்தால் சரியாகிவிடும்' என்று கழியும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் இதயத் தசை மடிகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் மருந்துகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தமிழக அரசு 2023இல் தொடங்கியது. நோயாளி கேஸ்ட்ரிக் என்று சொல்லி, கேட்பவரும் அதையே சீட்டில் எழுதிவிட்டால் அம்மருந்து பெட்டியிலேயே இருந்துவிடும். அம்மருந்துகளில் ஒன்றாகிய ஆஸ்பிரின், உண்மையாகவே இரைப்பைப்புண் உடையவர்க்கு இரத்தக் கசிவை உண்டாக்கவும் கூடும். ஆகவே இரண்டையும் பிரித்தறிவது இருபக்கமும் உயிர் சம்பந்தப்பட்டது.

நோயாளி சொல்லவேண்டியது நோயின் பெயர் அன்று என்பதற்குத் தமிழ் மரபிலேயே நல்ல சான்று உண்டு. ஏழாம் நூற்றாண்டில் சூலைநோயால் வருந்திய திருநாவுக்கரசர் திருவதிகையில் பாடிய முதற்பதிகம், நோய்க்குச் சூலை என்று பெயரிடுவதற்கு முன்பே அது வயிற்றின் உள்ளே குடலோடு பிணைத்து முடக்குவதைச் சொல்லிவிடுகிறது. எங்கே, எவ்வாறு என்னும் இரண்டும் முதற்பாட்டிலேயே வந்துவிடுகின்றன. பக்தியின் பொருட்டுப் பாடப்பட்டதேனும், நோயாளியின் வாக்குமூலம் எப்படி அமையவேண்டும் என்பதற்கு அதனினும் சிறந்த எடுத்துக்காட்டைத் தேடவேண்டியதில்லை.

ஆகவே எழுத்தைப் பொறுத்தவரை முடிவு தெளிவானது. சித்த மருத்துவப் பெயராக எழுதும்போது குன்மம் என்று றன்னகரமே வரவேண்டும். ஆயுர்வேதப் பொருளில் கட்டியைக் கருதும்போது குல்மம் என்றே எழுதி வேறுபாட்டைக் காட்டவேண்டும். குண்மம் என்பது அச்சிலிருந்தும் பலகைகளிலிருந்தும் நீங்கவேண்டும். கேஸ்ட்ரிக் என்பதை எந்த மருத்துவப் பதிவேட்டிலும் நோய்ப்பெயராக ஏற்கலாகாது.

இவ்வட்டாரத்தில் இதனைச் செயற்படுத்த வசதி இல்லாமலில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பெற்றது. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது. அக்கல்லூரியின் ஆசிரியர்களும், வீடுதோறும் செல்லும் திட்டப் பணியாளர்களும், ஆலைகளின் மருத்துவ உதவி அறைகளில் பணிபுரிவோரும், அரசு மருத்துவமனைகளின் சித்த மருத்துவப் பிரிவினரும் கூடி, தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி ஆகிய நான்கு மொழிகளிலும் வயிற்றுக் குறிகளுக்கான ஒரு சிறிய சொற்பட்டியலை உருவாக்கவேண்டும். வலி எந்த இடத்தில், எப்போது தொடங்கியது, உண்டபின் கூடுகிறதா குறைகிறதா, கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா, வியர்க்கிறதா, மலம் கறுத்திருக்கிறதா, உடல் இளைத்திருக்கிறதா, விழுங்கும்போது தடைபடுகிறதா என்னும் வினாக்கள் அதில் இடம்பெறவேண்டும். அப்பட்டியல் மருந்துக் கடைகளிலும் ஆலை உணவகங்களிலும் தொங்கவேண்டும். மேல்வயிற்று வலியோடு வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்து வந்தால், அதற்கு எப்பெயரும் இடாமல் உடனே 108ஐ அழைக்குமாறு ஒவ்வொரு தொழிலாளர் குடும்பத்தையும் இவ்வுரை கேட்டுக்கொள்கிறது.